மூன்றாம் ரீல்

பென்டிரைவைச் சாரத்து மடியில் முடிந்துகொண்டு
காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்தான் நவ்பர்.
"கிடைச்சிட்டுகா. முழுசும்."
கல்லடியில் மழை.
கறண்ட் எந்நேரமும் போகலாம்.

எழுபத்தாறில் அந்தச் சீனப் படம் கல்முனைக்கு வந்தபோது
நாங்கள் இருவரும் ஒப்பரேட்டர்கள்.
தூதரகம் தந்த தகரப் பெட்டி, ஐந்து ரீல்,
கூட்டுறவுச் சங்க மண்டபம், இலவசம்.
பாஷை ஒருவருக்கும் தெரியாது.
கணக்கப்பிள்ளை அருளம்பலம் மைக்கைப் பிடித்துத்
தாள் பார்த்து வாசிப்பார்:
"இப்போது மக்கள் வெல்கிறார்கள்."
அவர் வாசித்து முடிக்குமுன்பே வென்றிருப்பார்கள்.

மூன்றாம் ரீலைச் சுற்றும்போது மட்டும்
பெருவிரலில் தடக்கியது.
ஒட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு ஒட்டு.
பதினொரு இடம்.
ஆற்றில் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள்,
அக்கரையில் பதினொரு பேர் ஏறுவார்கள்.
வெடியில்லை, பிணமில்லை.
தளபதி தொப்பியைச் சரிசெய்வார்.
வாத்தியம் ஒரு துள்ளுத் துள்ளி
ஒன்றும் நடவாததுபோலத் தொடரும்.
"எண்ணிப் பாரன்" என்றேன்.
எட்டுக் காட்சியும் எண்ணினான் நவ்பர்.
சனம் கச்சான் உடைத்தபடி கைதட்டிற்று.

இன்று வருகிறான் அந்தப் பன்னிரண்டாமவன்.
வெட்டச் சொன்னதை வெட்டிய எவரோ
எறியச் சொன்னதை எறியாமல்
பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்.
கோடு விழுந்த படம், பாதி சாம்பல்,
குரல் அழிந்த இடங்களில் எழுத்து மட்டும்.
அவன் காட்டிக் கொடுக்கவில்லை. ஓடவுமில்லை.
குந்தியிருந்து வத்தாளங்கிழங்கு தின்கிறான்,
தோலை உரிக்கப் பொறுமையில்லை,
அக்கரையைப் பார்த்துக் கேட்கிறான்:
அவங்களுக்கும் இதே மழைதானே?

நாலு நிமிசம்.
"இதுக்கா கத்தரிக்கோல்?" என்றேன்.
"இதுக்குத்தான்" என்றான் நவ்பர்.
திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு
பதினாலு வருசம் நான் அவனூர் பக்கம் போனதில்லை.
பாலத்தடிக்கு வரும்போதெல்லாம்
அவன் என் ஒழுங்கையைப் பார்க்காமலே போனான் என்று
மற்றவர்கள் சொன்னார்கள்.
கடல் வந்த மூன்றாம் நாள்
என் படலை இருந்த இடத்தில்
ஒரு சாக்கு அரிசியோடு நின்றான்.
"என்னகா" என்றான்.
"வாகா" என்றேன்.
அதுதான் ஒட்டு.
இருவருமே அதை விரலால் தடவிப் பார்த்ததில்லை,
பிடிமானம் விட்டுவிடும் என்ற பயம்
பழைய ஒப்பரேட்டர்களுக்கு இருக்கும்.

பன்னிரண்டு பேரும் ஆற்றில் இறங்குகிறார்கள்.
கிழங்கின் மிச்சத்தை அவன் சட்டைப்பையில் வைக்கிறான்.
தண்ணீர் முழங்கால், இடுப்பு,
கறண்ட் போனது.

மடிக்கணினியில் பற்றரி செத்து எத்தனையோ நாள்.
தகரத்தில் மழை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மெழுகுதிரியைத் தேடி எழும்பினேன்.
"அண்டைக்கு மழையில்லகா"
என்றான், இருட்டுக்குள்ளிருந்து.

எண்டைக்கு என்று நான் கேட்கவில்லை.
"ஓம்" என்றேன்,
"சரியான வெக்கை."