எர்த்

ஓட்டோவுக்கு ஒரு வயர் போதும்.
விளக்குவரை போனது
இரும்பு உடம்பைத் தொட்டுத் தொட்டுத்
தானே வீடு வரும்.
கல்முனைச் சந்தியில் இருபத்தொரு வருசம்
இதை நம்பித்தான் சோறு தின்றேன்.

சம்மாந்துறையில், மூடிக்கிடந்த நெல் ஆலைக்குள்
நிஹ்மத்துல்லா ஒரு விமானம் கட்டியிருந்தார்.
பலகை விலா. மேலே துணி.
திரைச்சீலை தைக்கும் மெசினிலேயே
றிபாயா அதைத் தைத்திருந்தாள்.
செட்டை நுனி விளக்குக்குப்
பதினாலு அடி சிவப்பு வயர் இழுத்து
சுவிட்சைப் போட்டேன்.
எரியவில்லை.
பல்பை மாற்றினேன். பியூஸைப் பார்த்தேன்.
மீட்டர் முள்ளு படுத்தே கிடந்தது.

"எர்த் எங்க குடுத்திரிக்கீங்க?"
என்றாள் றிபாயா, வாயில் குண்டூசியோடு.

பலகைக்கு ஏது எர்த்.
துணிக்கு ஏது.

பிறகு எல்லாம் இரட்டை.
போகிற பதினாலு அடிக்கு
வருகிற பதினாலு அடி, கறுப்பு.
எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் ஒரு செப்புத் துண்டு;
எந்தக் கறுப்பும் அங்கேதான் வந்து சேரவேணும்.
கச்சான் நிறுக்கும் தராசில் போட்டு நிறுத்தார் அவர்:
திரும்பி வருவதற்கு மட்டும்
ஒரு கிலோ நூற்றி எழுபது.
"அப்ப நான் மெலியணும்" என்றார்.
அன்று பின்னேரம் தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை.

பொலிஸ் வந்தது. படம் எடுத்தது.
எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டது.
ஆலைக் கதவை இன்னும் தாண்டவில்லை என்றோம்.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வாலைத் தூணில் கட்டி எஞ்சினை முடுக்கிய நாள்
ஹெட்செட்டுக்குள் ஒரு நுளம்பு.
வேகம் கூடக் கூட அதன் குரலும் ஏறியது.
மூன்று நாள் அதைத் தேடினேன்.
சொக்கெட்டுக்கு இரண்டு எர்த் கொடுத்திருந்தேன்,
ஒன்று போதாதோ என்ற பயத்தில்.
ஒன்றை வெட்டினேன்.

நுளம்பு நின்றது.
அது விட்டுப்போன இடத்தில்
எங்கள் தலைக்கு மேல், மிக மேல்,
ஆரோ ஒரு விமானி
ஆரிடமோ தன் உயரத்தைச் சொல்லிப் போனான்.
மூன்று பேரும் அண்ணாந்தோம்.
கூரைதான் இருந்தது,
ஆணி கழன்ற ஒரு தகரத்தோடு.

கொழும்பிலிருந்து கடிதம் இன்னும் இல்லை.
பற்றரியின் கறுப்பைக் கழற்றி வைத்துவிட்டு
இரவு ஓட்டோவை எடுத்தால்
முன் லைட் இல்லை.
மாவடிப்பள்ளி வீதியில், இரண்டு பக்கமும் தவளை கத்த,
இறங்கித்
துருவைச் சாவியால் சுரண்டினேன்.

எரிந்தது.
நடு ரோட்டில் படுத்திருந்த மாட்டின்
கண்ணில் பட்டுத் திரும்பியது.