ஆறரை மில்லிமீட்டர்

பஞ்சிகாவத்தையில் வாங்கிய டிரில்
ஆறு மில்லிதான் துளைக்கும்.
போல்ட் கேட்பதோ ஆறரை.

மூன்று மில்லி எண்ட்மில் கேட்ட அளவு தரும்,
படுக்க இடம் பார்க்கும் பூனைபோல்
சுற்றிச் சுற்றி இறங்கி.
துளைக்கு நாலு நிமிடம்.
துளைகள் இருபத்தெட்டு.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, இரவு எட்டேகால்.
ஒன்பதுக்குக் கீழ்வீட்டு பெரோசா மிஸ்
தும்புத்தடியால் சீலிங்கில் இடிப்பா.

சரி, நடுவை டிரில் தின்னட்டும்.
சுவரில் மிஞ்சும் கால் மில்லியை
எண்ட்மில் வழித்தெடுக்கட்டும்.
பிட் மாற்றி, கடதாசித் துண்டு வைத்து
மறுபடி பூச்சியம் பிடித்தேன்.

மாத்தறை ரயில் வந்தது.
மேசை நடுங்க, நிறுத்தி வைத்தேன்
கடைசிப் பெட்டி போகும்வரை.

இருபத்தேழில் தும்புத்தடி.

இருபத்தெட்டாவது
ஆறாகவே கிடக்கிறது,
அதற்கு மட்டும் சின்ன போல்ட்.