ஓசை பிந்தி வந்தது

ஸ்லீன் நகரத்துக் கட்டடங்களைப் படமெடுப்பது சுலபம்.
செங்கல், சிமெண்ட் தூண், கண்ணாடி,
மறுபடி செங்கல், சிமெண்ட் தூண், கண்ணாடி.
காலணிக்கு அளவெடுத்தவர்கள்
ஊருக்கும் அப்படியே அளவெடுத்திருக்கிறார்கள்.
பதினாறு மாடித் தலைமை அலுவலகத்தில்
முதலாளியின் அறையே ஒரு லிஃப்ட்.
மேசை, நாற்காலி, கைகழுவும் தொட்டி
எல்லாம் சேர்ந்து மேலே போகும், கீழே வரும்.
நான் எடுத்த படத்தில்
குழாய் நுனியில் ஒரு சொட்டு
விழப்போகிறது.

லுபோருக்குக் கட்டடம் பிடிக்காது.
"உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும் உயரமெல்லாம் உயரமா?" என்பான்.
அவனுக்கு ஒலிபரப்புக் கோபுரம்தான்:
கம்பி இழுத்துக் கட்டிய ஒற்றை இரும்பு,
உச்சியில் சிவப்பு விளக்கு,
அத்தனை டன்னையும் அடியில் தாங்கும் ஒரு பீங்கான்.
கோட்டுப் பையில் குறிப்பேடு.
தேதி, உயரம், அலைவரிசை, அன்றைய மேகம்.
அவனுடைய பழைய ஸ்கோடாவில் ஏறத் தொடங்கிய பிறகு
எனக்குக் கழுத்துவலி நிரந்தரம்.

மொராவா ஆற்றுக்கு அப்பால் சோளக்காட்டு நடுவே
இருநூற்று ஐம்பத்தேழு மீட்டர்.
முதல் நாள் என்னை வேலியருகே கூப்பிட்டான்.
"காதை வை."

துருவேறிய வாயிற்கதவின் கீல்
பேசிக்கொண்டிருந்தது.
எலிக்குரல், ஆனாலும் தெளிவு:
தாழ்நிலங்களில் காலையில் மூடுபனி,
வாகனம் ஓட்டுவோர் கவனம்.
வானொலிப் பெட்டி இல்லை, பேட்டரி இல்லை.
துருவும் இரும்பும் உரசும் இடத்தில்
ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.
ஒரு சுருள் முழுக்க அந்தக் கீலையே எடுத்தேன்.
கழுவிப் பார்த்தால்
முப்பத்தாறிலும் வெறும் கீல்.

காவலாளி ஹினெக் வந்தார்.
படமெடுக்கக் கூடாது என்று பலகையைக் காட்டினார்.
பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு
பலகை தெரியாமல் தன்னை ஒன்று எடுக்கச் சொன்னார்,
கோபுரம் முழுசும் வரவேண்டுமாம்.
முழுசும் வந்தால் நீங்கள் கடுகாகிவிடுவீர்களே என்றேன்.
"பரவாயில்லை.
எங்கே நிற்பேன் என்று என் மனைவிக்குத் தெரியும்."

ஒரு குளிர்கால நள்ளிரவில் ஒலிபரப்பை நிறுத்தினார்கள்.
கேட்க ஆளில்லை, மின்கட்டணம் கட்டவில்லை.
அடுத்த ஞாயிறு போனோம்.
கீல் காற்றில் கிறீச்சிட்டது.
எந்தக் கீலும் செய்வதுதான்.

வெடிவைத்த காலையில்
ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக் கயிறு கட்டி
எங்களை நிறுத்தினார்கள்.
சோள வரப்பு நெடுக முக்காலிகள்.
லுபோர் அன்றைக்குக் காமிரா கொண்டுவரவில்லை.

முதலில் ஒரு புகைப்பொட்டு.
ஒரு கம்பி தளர்ந்தது.
கோபுரம் சற்று யோசித்தது,
பிறகு முழங்கால் இருப்பதுபோல் மடங்கியது.
ஓசையே இல்லை.

எழுபது ஆண்டு
சொன்ன சொல் சொன்ன கணத்தில்
எல்லை தாண்டிய அடுப்படிகளிலும் ஒலித்தது.
சாவுச் செய்தி, கால்பந்து, சர்க்கரை விலை,
எதையும் பிந்தவிட்டதில்லை.
தான் விழுந்த செய்தியை மட்டும்
காற்றில் நடக்கவிட்டு அனுப்பியது.
நாலு விநாடி. ஐந்தும் இருக்கலாம்.

எல்லா லென்சும் புழுதியைப் பார்த்திருக்க
நான் மட்டும் திரும்பி மனிதர்களை எடுத்தேன்.
பெரிய யோசனையெல்லாம் கிடையாது;
கீழே விழுந்த லென்ஸ் மூடியைத் தேடித் திரும்பியவள்தான்.

படத்தில் பதினொரு பேர்.
கண்ணுக்குத் தெரிந்துவிட்டது,
காதுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
ஹினெக் தொப்பியைக் கழற்றுகிறார், கை பாதியில்.
ஒரு சிறுமி முன்கூட்டியே காதைப் பொத்தியிருக்கிறாள்.
லுபோர் கையில் குறிப்பேடு.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
தேதி எழுதியாகிவிட்டது.
மேகம்: இல்லை.
உயரத்துக்கு நேரே பென்சில் முனை,
காகிதத்தைத் தொடாமல்.