ஈரக் கழிவு

தை பிறந்தால் பள்ளங்களில் உறைபனி.
கருகிய செடியில் கொழுந்தேது?
சோலூர்மட்டம் சாலைத் தொழிற்சாலையில்
ஒற்றைத் தொட்டியில்தான் இலை வாடுகிறது.
மாற்றுவதென்றால் இப்போதே மாற்று என்றார்
செயலாளர் போஜராஜன்,
கூரைத் தகரத்தைச் சொல்வதுபோல.

எடைமேடைக் கணினியில்
பைத்தான் இரண்டு புள்ளி ஏழு.
தராசோடு பேசும் பேக்கேஜ்
எப்போதோ கைவிரித்துவிட்டது:
இனி வரும் பதிப்புகளில்
பழைய மொழிக்கு இடமில்லை.
ஒரே வரி. வருத்தம்கூட இல்லை.
பழைய பதிப்பின் எண்ணை
ஆணியடித்து நிறுத்தி வைத்திருந்தேன்.
அந்த ஆணியை
அடுத்த பேக்கேஜ் பிடுங்கியது.
அதற்கு வேறொன்று வேண்டும்,
அதற்கு மூன்று வேண்டும்.

எழுதிய சேவியர்
ஓசூருக்குப் போய் ஒன்பது வருடம்.
மாறிகளுக்கு அவன் வைத்த பெயர்கள்
சாக்கு, ஈரம், சாக்கு2, உண்மையான_சாக்கு.
குறிப்பென்று ஒன்றுதான் விட்டுப்போயிருந்தான்:
'இதைத் தொடாதே.'

தொட்டேன்.
அச்சிடும் கட்டளைக்கெல்லாம்
அடைப்புக்குறி போட்டேன், முந்நூற்றுப் பன்னிரண்டு இடம்.
எழுத்து வேறு பைட் வேறு என்று பிரித்தேன்.
கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.
விடியும்போது சிவப்பு எழுத்துகள் நின்றன.
தராசு பூஜ்யம் காட்டியது,
அவ்வளவு அழகான பூஜ்யம்.

அப்புறம் பழைய பட்டியலையும் புதியதையும்
அருகருகே ஓட்டிப் பார்த்தால்,
லிங்கம்மா, நாற்பத்து மூன்று கிலோ,
மழைநாள், ஈரம் எட்டு சதவீதம்.
பழையது கழித்தது மூன்று கிலோ.
புதியது மூன்று புள்ளி நான்கு நான்கு.

பிழை இல்லை.
முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால்
பழைய மொழி மிச்சத்தை உதறிவிடும்.
புதியது உதறாது.
பதினோரு வருடமாக
ஒவ்வொரு மழைநாளிலும்
கால் கிலோ, அரை கிலோ, முக்கால் கிலோ தண்ணீரை
இலையென்று வாங்கியிருக்கிறது தொழிற்சாலை.
ஒருவரும் கேட்டதில்லை.
சேவியருக்குத் தெரிந்திருக்குமா?

போஜராஜனிடம் சொன்னேன்.
'எது சரி?'
'இரண்டும் ஓடும் சார்.'
எழுந்து ஜன்னலைத் துடைத்தார்.
வேலிக்கு அப்பால் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை.
'ஆடிட்டர் எதைக் கேட்பார்?'
'போன வருடத்தோடு ஒத்துப்போகிறதா என்று.'
'அப்போ...' என்றவர்
வாக்கியத்தை மேசைமேல் விட்டுவிட்டு
டீ ருசி பார்க்கும் அறைக்குப் போய்விட்டார்.

ஒரு சாய்கோட்டுக்குப் பக்கத்தில்
இன்னொரு சாய்கோடு போட்டேன்.
மிச்சத்தை உதறும் வகுத்தல் குறி.
திரையில் அது
காற்றில் சாய்ந்த இரண்டு தாரை மழை.
சேமிக்கும்போது காரணம் கேட்டது.
'பழைய கணக்குப்படி.'
'இதைத் தொடாதே' என்ற வரிக்குக் கீழே
என் பெயரையும் தேதியையும் சேர்த்தேன்.

பத்தரைக்கு முதல் ஜீப் வந்தது.
பதினேழு கிலோ. வறண்ட இலை.
கழிக்க ஒன்றுமில்லை.