மூன்று மில்லி

நாகலூரில் பனி இன்னும் கலையவில்லை.
ஊசி போட வந்தவள் என்று நினைத்துத்தான்
எல்லோரும் கையை நீட்டுகிறார்கள்.
நான் போட வந்தவள் இல்லை,
எடுக்க வந்தவள்.

தீர்த்தமலைக்கு நாலாம் நாள் காய்ச்சல்.
காப்பிப் பழம் பறித்துக் கறுத்த விரல்கள்.
முழங்கை மடிப்பில் நாளம்
தொடத் தொட வழுக்கிப் போகிறது.
மூடுங்க. திறங்க. மூடுங்க.
ஓர் இருமலுக்கும் அடுத்த இருமலுக்கும்
நடுவே கிடைத்த சந்தில் குத்தினேன்.
ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லி,
மஞ்சள் மூடியில் இன்னொரு மூன்று.
"இவ்வளவுமா?
எத்தனை கிலோ பறிச்சா இது திரும்ப ஊறும்?"
சிரிக்கத்தான் கேட்டார்.
சிரிப்பும் இருமலாகத்தான் வந்தது.

குழாயை எட்டு முறை
மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்,
குலுக்கவே கூடாது.
எனக்குத் தெரியும்.
மலை பஸ்ஸுக்கு யார் சொல்வது?

இருபது கொண்டை ஊசி வளைவு.
மடியில் ஐஸ் பெட்டி.
பதினாறில் ஒரு பையன் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தான்.
ஒன்பதில் குரங்குக் குடும்பம் கடக்கும்வரை நின்றோம்.
வண்டி சாய்கிற பக்கத்துக்கு
எதிர்ப்பக்கம் சாய்ந்து சாய்ந்து
இருபத்திரண்டு பேரைத் ததும்பாமல் இறக்கினேன்.
சிவப்பணு உடைந்தால்
கணக்கு பொய் சொல்லும்.

அடிவாரத்தில் வெயில் கன்னத்தில் அறைந்தது.
கோரிமேடு. அஸ்தம்பட்டி.
செருப்புக் கடைக்கு மேலே எங்கள் லேப்.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து இழுத்தால்
நாக்கு மாதிரி படியும்.
நுனியில்தான் பார்க்க வேண்டும்,
அங்கேதான் அணுக்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே உட்கார்ந்திருக்கும்.
வைரஸ் என் லென்ஸில் விழாது.
அதைப் பார்க்க ஓடி வந்த கூட்டம்தான் விழும்:
லிம்ஃபோசைட்டுகள்,
நீலப் பாவாடை விரித்து
பக்கத்துச் சிவப்பணுமேல் சாய்ந்து நிற்பவை.
தெருவில் கூட்டம் கூடினால்
சண்டை என்று தெரியும்,
யார் அடித்தது என்று தெரியாதே.
பெயர் நாக்கு நுனியிலேயே நிற்கிறது.

பதினெட்டு பேருக்குச் சந்தேகமே இல்லை.
லிம்ஃபோசைட் ஏறியிருக்கிறது,
சி.ஆர்.பி. ஒற்றை இலக்கம்.
கஞ்சி, ஓய்வு, ஆன்டிபயாடிக் வேண்டாம்.
(மேஸ்திரியின் மனைவி போனில்:
"ஒண்ணும் குடுக்காம அனுப்பவா
ரத்தம் எடுத்தீங்க?"
ஆமாம் அம்மா,
கொடுக்காமல் இருப்பதற்கும் சான்று வேண்டியிருக்கிறது.)

மூன்று பேருக்கு நேர்மாறு.
அவர்களுக்கு மாத்திரை அன்று மாலையே மலையேறியது.

மிச்சம் ஒருவர்.
தீர்த்தமலை: நாற்பத்தாறு.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை,
பத்தாவது வளைவில் டயர் பஞ்சரான வண்டி.

டாக்டர் மெஹருன்னிசா கேட்டார்:
"வைரஸா, பாக்டீரியாவா?"
லிம்ஃபோசைட் ஒன்று சொல்கிறது மேடம்,
சி.ஆர்.பி. வேறு சொல்கிறது.
"நீ என்ன சொல்றே?"
பன்னிரண்டு வருடத்தில்
என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.
மூச்சு எப்படி இருக்கிறது என்று
நான் திருப்பிக் கேட்டேன்.
மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.
"ஆக்சிஜன் தொண்ணூற்றாறு.
நாலு மணிக்கொரு தரம் பார்க்கச் சொல்றேன்.
காலையில இன்னொரு குழாய்."

அன்றிரவு இரண்டு முறை விழித்தேன்.
இரண்டு முறையும் கனவில்
வளைவுகளுக்கு எண் போட்டிருக்கவில்லை.

காலையில் அவர் பெஞ்சில்
சட்டைக் கையை மடித்துவிட்டே உட்கார்ந்திருந்தார்.
"நேத்துக் கொண்டுபோனது என்னங்க சொல்லுச்சு?"
பாதிதான் சொல்லுச்சு.
"மீதிய நான் சொல்லட்டா?
பசிக்குது."

பசி என்று எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
ரப்பர் பட்டையை எடுத்துக் கையில் கட்டினேன்.
மூடுங்க என்பதற்குள்
நாளம் தானே வந்து நின்றது.