எந்தப் பக்கம் விழுந்தான்

அல்கன்யீத்தில் அக்டோபர்க் காற்று.
ஊர்க்காரர்கள் அதைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள்: சியெர்சோ.
மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்த ஓடுதளம்.
இருபதாயிரம் இருக்கைகளில்
ஒரே ஒரு பூனை.

ஷிசுவோகாவிலிருந்து பெட்டி வந்திருக்கிறது,
இந்த வருடத்தின் பன்னிரண்டாவது சட்டகம்.
ஆணி பிடுங்கும்போது ஒட்டாவியோ
சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறான்.
மார்ச் மாதம் அதைக் கேலிக்காகத்தான் தொடங்கினான்.

இனிகோ ஆறு சுற்று போய்வந்தான்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னான்:
"ஒன்பதாவது வளைவில் முன்சக்கரம்
நான் சொல்வதைக் கேட்கத்தான் செய்கிறது.
ஆனால் வேறு யாரையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான்
திரும்புகிறது."
மார்ச்சிலிருந்து அதையே சொல்கிறான்.
நான் வழக்கம்போல் தட்டச்சினேன்:
முன்சக்கரம், தாமதம்.
தொழிற்சாலைக்கு உவமை அனுப்ப முடியாது.

வரைகோடுகளில் ஒரு குறையும் இல்லை.
நாற்பத்தேழு உணர்கருவிகள்
ஒரே குரலில் அவனைப் பொய்யன் என்றன.

பத்தொன்பதாம் இடம். இருபதாம் இடம்.
போன ஞாயிறு மிசானோவில் பதினேழு,
அதுவும் முன்னால் போன இருவர்
ஒருவர்மேல் ஒருவர் சரிந்ததால்.
ஜெயித்த வருடங்களைத் தொழிற்சாலை வாசற்கல்லில்
பொறித்து வைத்திருக்கிறார்கள்.
கடைசி எண்ணுக்குக் கீழே விட்ட இடத்தில்
பாசி பிடித்துவிட்டது என்றார் முனேச்சிகா ஒருமுறை,
கொஞ்சம் குடித்திருந்தபோது.

இரண்டாம் நாள் பிற்பகல் விழுந்தான்.
சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.
என் திரையில் ஒரு கோடு
மணிக்கு நூற்று எழுபதிலிருந்து செங்குத்தாய் இறங்கி
அப்புறம் பேசவேயில்லை.

நடந்தே வந்தான், காலணியிலிருந்து சரளைக்கல்லைக் கொட்டிக்கொண்டு.
மாற்று வண்டி மேசைமேல் துண்டுதுண்டாய்க் கிடந்தது.
விழுந்த வண்டியையே துடைத்தோம்.
கைப்பிடியை நிமிர்த்தி, பிய்ந்த பக்கத்தை நாடாவால் ஒட்டி
வெளிச்சம் போகுமுன் ஐந்து சுற்றுக்கு விட்டோம்,
பிரேக்கை மட்டும் பார்த்துவரச் சொல்லி.

மூன்றாவது சுற்றில் ஒட்டாவியோ
தன் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.
நான்காவது சுற்றில் வந்து
என்னுடையதைப் பார்த்தான்.
முக்கால் நொடி.
வருடம் முழுக்க நாங்கள் தேடியது
கால் நொடி.

இனிகோ எதுவும் பேசவில்லை.
டாங்கின்மேல் உள்ளங்கையை வைத்தபடி
சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தான்.

இரவெல்லாம் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துத் தேடினோம்.
எஞ்சினைப் பிடித்திருக்கும் இடதுபுறத் தகட்டில்
ஒரு விரிசல்.
என் சுண்டுவிரல் நகத்தின் நீளம்.

படம் எடுத்து அனுப்பும்போது அங்கே விடிந்துகொண்டிருந்தது.
தகட்டையும் கேட்டார்கள். அனுப்பினோம்.
ஆராய்வதற்காக அதை நடுவே அறுத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் போர்த்திமாவோவில்,
என் அம்மா வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டரில்,
எட்டுத் தகடுகள் வந்து இறங்கின.
அதே இடம், அதே நீளம், லேசரால் கீறியவை.
பார்க்க அவ்வளவு அழகு.
எட்டும் மெதுவாக ஓடின.

இனிகோ அடுத்த வருடத்துக்குச் சிவப்பு அணியில்
கையெழுத்துப் போட்டுவிட்டான்.
அதைச் சொல்ல வந்தவன்
எனக்கொரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.
சர்க்கரை இரண்டு. நான் போடுவதேயில்லை.

அன்று இரவு முனேச்சிகாவின் மின்னஞ்சல்,
அவர் ஊரில் அதிகாலை மூன்று நாற்பதுக்கு எழுதியது:
எந்தப் பக்கம் விழுந்தான்?
சரளையில் எத்தனை மீட்டர்?
அப்போது காற்று எந்தத் திசை?

இடது. முப்பத்தொன்று. வடமேற்கு.

அனுப்பாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு கீழே சேர்த்தேன்:
முன்சக்கரம் வேறு யாரையோ கேட்டுவிட்டுத்தான் திரும்புகிறது
என்று மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.
அந்த ஐந்து சுற்றும் அது யாரையும் கேட்கவில்லையாம்.

பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை:
இதை ஏன் மார்ச்சிலேயே அனுப்பவில்லை?