கையெழுத்துப் போட்ட மரங்கள்

விடிகாலை நாலே கால்.
சுமத்ராவிலிருந்து காற்று கிளம்பிவிட்டது.
ஒன்பதாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
துணி காயப்போடும் கழிகள் இரண்டு
ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
ஊரே போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளும் நேரம்
நான் எழுந்து உட்கார்ந்து
மரங்களை எண்ணுகிறேன்.

ஈசூனில் பதினேழு.
தோ பாயோவில் பள்ளிக்கூட வேலியோரம் ஆறு.
அப்பர் தாம்சன் சாலை வளைவில்
பேருந்து நிறுத்தத்தின் மேல்
கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒன்று.
எல்லாவற்றுக்கும் படிவத்தின் அடியில் என் கையெழுத்து:
பாதுகாப்பானது. அடுத்த சோதனை பன்னிரண்டு மாதத்தில்.

ஒரு மரத்தின் சார்பில்
பன்னிரண்டு மாதத்துக்கு வாக்குக் கொடுக்க
நான் யார்?

ரப்பர் சுத்தியலால் தட்டுவேன்.
பலாப்பழம் வாங்குகிறவள் மாதிரி
காதைச் சாய்த்துக் கேட்பேன்.
கெட்டியாகப் பதில் சொன்னால் அடுத்த மரம்.
குடம்போல் முழங்கினால்
மிஜான் துளைக்கருவியை எடுத்து வருவான்.
ஊசி உள்ளே போகப் போகக்
காகிதத்தில் கோடு ஏறும், இறங்கும்.
கோடு படுத்துவிட்ட இடத்தில் மரம் இல்லை,
பட்டைக்குள் நின்றுகொண்டிருப்பது இருட்டு.
மேலே பார்த்தால் அவ்வளவு பச்சை.

அந்தியில் இலை மடக்கும் இந்த மரத்துக்குத்
தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தவர்கள்
அதைச் சோதிக்கிற வேலையில் இருந்ததில்லை.
நான் கண் மூடாததே
இந்தத் தூங்குமூஞ்சிகளால்தான்.

ஐந்து ஐம்பதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது.
செங்குட்டுவன் புரண்டு படுத்தான்.
"எட்டாம் எண். புளோக் 214 பின்னால்.
ஆளுக்கு ஒன்றுமில்லை" என்றார் பூன் டெக்.
கடைசி வாக்கியத்தை முதலில் சொல்ல
அவருக்கு இன்னும் தெரியவில்லை.

எட்டாம் எண்.
மார்ச் மாதம் தட்டிப் பார்த்தேன்.
கெட்டியாகத்தான் பதில் சொன்னது.

கார் நிறுத்துமிடத்தின் குறுக்கே விழுந்து கிடந்தது.
அடியில் ஒரு மோட்டார் சைக்கிள்,
கண்ணாடி மட்டும் வெளியே.
கிளையிடுக்கில் பறவைக்கூட்டுப் பெரணி
கலையாமல் அப்படியே,
யாரோ பார்த்துக் கீழே இறக்கி வைத்ததுபோல்.

பக்கத்தில் ஒன்பதாம் எண்.
உள்ளே பாதி இல்லை என்று
நானே சிவப்பில் பெருக்கல் குறி போட்டது.
வியாழக்கிழமை வெட்ட வேண்டியது.
நிற்கிறது.
ஒரு சுள்ளிகூட உதிரவில்லை.

குழிக்குள் இறங்கிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் வேர் பிய்ந்திருந்தது, நாராக.
மறுபக்கம் பிய்வதற்கு ஒன்றுமில்லை:
எப்போதோ யாரோ குழாய் பதிக்க
ரொட்டியை நறுக்கினாற்போல் நறுக்கி
மேலே புல் விரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
புல் நன்றாகவே வளர்ந்திருந்தது.
என் சுத்தியலுக்கு வேர் காது கேட்காது.

சுல்கிஃப்லி ரம்பத்தை இழுத்து உசுப்பினான்.
மிஜான் கிளைகளை அரவை எந்திரத்துக்கு ஊட்டினான்.
எட்டரை மணிக்குள் பச்சை வாசனையில்
கீழ்த்தளம் முழுக்க மூழ்கிவிட்டது.

மூன்றாம் மாடி லாவ் செருப்போடு இறங்கி வந்தார்.
துணியில் இலை விழுகிறது,
காரில் மைனா எச்சமிடுகிறது என்று
பதினோரு கடிதம் எழுதியவர்.
கோப்பிப் பை ஒன்றை என் கையில் தொங்கவிட்டு
வானத்தில் புதிதாக விழுந்த ஓட்டையைப் பார்த்தார்.
"இனிமேல் மேற்கு வெயில்
நேராகப் படுக்கையறைக்குள் வருமே,
அதற்கு யாருக்கு எழுதுவது?"
எங்கள் எண்ணையே கொடுத்தேன்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
இரண்டு சொல்லுக்குத்தான் இடம்.
'பலத்த காற்று' என்று எழுதி, அடித்து,
ஓரத்தில் சாய்வாக எழுதினேன்,
குழாயை, நறுக்கிய வேரை, புல்லை.
அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவர்
விட்டுவிடுவார், தெரியும்.

பிறகு பத்தாம் எண்.
சுத்தியலைப் பையில் போட்டுவிட்டு
முழங்காலிட்டுக் கையால் மண்ணைக் கிளறினேன்.
பெருவிரல் தடிமனில் ஒரு வேர் தட்டுப்பட்டது,
தொட்டுக்கொண்டே போனேன்,
நடைபாதை சிமெண்டுக்கு அடியில் நுழைந்துவிட்டது.
அதற்கு அப்பால் அது எங்கே போகிறதோ.

மிஜான் அட்டையை நீட்டினான்.
ஈரத்தில் பேனா எழுதவில்லை.
உதறி, உதறி,
நகத்திலிருந்த மண்ணும் ஒட்ட
கையெழுத்துப் போட்டேன்.
பன்னிரண்டை அடித்து
மூன்று மாதம் என்று.